பிள்ளைகள் சோம்பேறிகளா?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்குவதில்லை." ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் பெற்றோரே இப்படிச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் கொழும்புக் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் விடிந்தது முதல் இரவு வரை நிற்பவர்களும் இதே பிள்ளைகள்தான். அப்படியானால் தோட்டத்தில் அவர்கள் மறுப்பது எதை?

அவர்கள் மறுப்பது 'பேர்' போடும் முறையை. நிர்வாகம் குறிக்கும் கிலோவை எடுத்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அல்லது எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. வெயில் காய்ந்தாலும் மழை அடித்தாலும் அந்த அளவை எட்டியாக வேண்டும்.

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி மலையக இளைஞர் யுவதிகள் ஆயிரக்கணக்கில் கறுப்பு உடையணிந்து காலிமுகத்திடலில் கூடினர். தம் பெற்றோருக்கு 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டனர். 2019 ஜனவரியில் வந்த கூட்டு ஒப்பந்தம் கொடுத்த அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா கிடைக்க 2021 மார்ச் ஆயிற்று.

சம்பளம் ஏறியதும் பல தோட்டங்களில் கிலோவும் ஏறியது. 20 கிலோ வரை கேட்ட தோட்டங்களும் உண்டு. அதே ஆண்டில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்ததால் செடியில் கொழுந்து குறைந்தது. கேட்ட கிலோவை எட்ட முடியாதவரின் கைக்கு அந்த 1,000 ரூபா முழுமையாக வரவில்லை. 2024 செப்டெம்பரில் சம்பளம் 1,350 ரூபாவாகிய பின்னும் கிலோக் கணக்கு ஒழியவில்லை.

அரைப் பேர் விழுந்த நாளில் தாய் பேசாமல் அடுப்பு மூட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதே கூடையைத் தன் தலையில் மாட்ட மறுக்கிறது. இதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது?

காணியை விட்டு இடம்பெயர்ந்து வந்த உங்களுக்கு இது எளிதில் புரியும். சொந்த வயலில் நீங்களும் இருட்டும் வரை பாடுபட்டீர்கள். ஆனால் களைத்தபோது வரப்பில் உட்கார எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு அப்படியொரு வரப்பு தலைமுறை தலைமுறையாக இருந்ததில்லை.

நகரத்துக் கடையும் விடுதலை தருவதில்லை. அங்கும் வேலை நேரம் நீண்டதுதான். மலையையும் பருவத்தையும் பார்த்து, தொழிலாளரோடு பேசிக் கிலோவைத் தீர்மானிப்பதே நியாயம். தோட்டங்களில் தரிசாய்க் கிடக்கும் நிலத்தில் குடும்பத்துக்கு ஒரு துண்டாவது உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

அதுவரை, பிள்ளையை ஏசுவதற்கு முன் ஒன்றை யோசிப்போம்: நாம் வாய் திறந்து சொல்லாததைத்தானே அவர்கள் சொல்கிறார்கள்?