சல்வீனியா தந்த பாடம்

ஓரிடத்து உயிர் பிறிதோரிடத்துப் புகுந்து மிகுதியாகப் பெருகுவதற்குக் காரணம் அதன் வலிமை மட்டுமன்று. அதனை உண்டு அடக்கும் பகை அங்கு இல்லாமையுமாம். பிறந்த நிலத்திலே பூச்சியும் நோயும் அதனை ஓர் அளவில் நிறுத்துகின்றன. புது நிலத்திலோ அத்தடை இல்லை. இவ்வுண்மைக்குச் சல்வீனியா என்னும் நீர்க்களையின் வரலாறு தக்க சான்றாகும்.

சல்வீனியா தென்கிழக்குப் பிறேசிலுக்கு உரிய மிதக்கும் பன்னம். அதன் கணுதோறும் மூன்று இலைகள் உள. இரண்டு நீர்மேல் மிதக்கும். மூன்றாவது நீருள் வேர்போலத் தொங்கும். இப்பன்னம் மலட்டுத் தன்மையது. வித்திகளால் இனம் பெருக்குவதில்லை. எனினும், ஒடிந்த ஒரு துண்டே புதுச் செடியாக வளரும். வெப்பமும் ஊட்டமும் நிறைந்த நீரில் இரண்டு மூன்று நாட்களுள் இருமடங்காதலும் உண்டு. அது நீரைப் பாய்போல மூடியவிடத்து ஒளி உட்செல்லாது, ஒட்சிசன் குன்றும், மீன்வளம் கெடும், வாய்க்கால் அடைபடும். கையால் வாரி எறிந்தாலும், எஞ்சிய துண்டுகள் மீண்டும் தழைக்கும்.

இலங்கைக்கு இது 1939 ஆம் ஆண்டிலே கொழும்புப் பல்கலைக் கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்கெனக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து தப்பிக் குளங்களிலும் வயல்களிலும் பரவிற்று. கல்விக்கென வந்தது கழனிக்குக் கேடாயிற்று. ஆகாயத்தாமரையின் பரவலைத் தடுக்க 1909 இலேயே சட்டம் செய்த நாட்டில் இது நிகழ்ந்தமை கருதத்தக்கது.

இதற்குரிய இயற்கைப் பகையைத் தேடியோர் முதலில் வழி தவறினர். காரணம் ஒரு பெயர்ப்பிழையே. இதனைச் சல்வீனியா ஓரிக்குலாற்றா என்னும் வேறோர் இனமெனக் கருதி, அவ்வினம் வாழும் திரினிடாட் முதலிய இடங்களிலிருந்து பூச்சிகளைக் கொணர்ந்தனர். அவை போதிய பயன் தரவில்லை. 1972 இல் மிச்செல் என்னும் தாவரநூலார் இது தனியினமென நிறுவிச் சல்வீனியா மொலெஸ்ற்றா எனப் பெயரிட்டார். அதன் பின்னரே, 1978 இல், பிறேசிலில் அதன் பிறப்பிடம் கண்டறியப்பட்டது. ஆங்கு அதனை உண்டு வாழும் சிறு கூன்வண்டு ஒன்றும் கிடைத்தது. அதன் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். வண்டு முளைகளைத் தின்னும். குடம்பி தண்டைத் துளைக்கும். இவ்வண்டும் முன்னர் அறியப்பட்ட இனமெனவே முதலிற் கருதப்பட்டது. வேறினமென்பது 1985 இலேயே தெளிவாயிற்று.

1980 இல் அவுஸ்திரேலியாவின் மூண்டறா ஏரியில் இவ்வண்டு விடப்பட்டது. 1981 ஆம் ஆண்டு முடியுமுன் அங்கு மண்டிக்கிடந்த களை பெரும்பாலும் அழிந்தது. 1986 இல் இலங்கையிலும் வண்டு விடப்பட்டது. சில ஆண்டுகளிற் பல நீர்நிலைகள் தெளிவுற்றன. ஆயினும், வண்டு களையை வேரறுப்பதன்று; அளவில் நிறுத்துவதேயாம்.

பகையுயிர் எதனையும் ஆராயாது விடுதல் தகாது. கரும்பு வண்டை ஒழிக்க 1935 இல் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்ட தேரை, வண்டை ஒழியாது தானே பெருங்கேடாயிற்று. சல்வீனியா வண்டோ, வேறு பயிரை அழியாதென்பது ஆராய்ந்து தெளிந்த பின்னரே விடப்பட்டது.

ஆகவே, இனமறிந்து பெயரிடுதல் வெறும் ஏட்டறிவென மாணவர் இகழற்க. பெயர் பிழைத்தமையால் மருந்து பிழைத்தது. பெயர் தெளிந்தபின் மருந்தும் கிடைத்தது. மருந்தினும் சிறந்தது காவல். கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்த நீர்ச்செடியைக் குளத்தில் எறியாமை எவர்க்கும் எளிதாகிய காவலாகும்.