உறுமியும் இயந்திரமும்

பத்தாம் வகுப்பு மாணவி

மரக்காணம் உப்பளங்களின் ஓரமாக நடந்து வருவோர்க்கு இரண்டு ஓசைகள் கேட்கும். ஒன்று, பாத்திகளுக்கு உப்புநீர் இறைக்கும் எஞ்சினின் ஓசை. அது ஒரே சீராகத் 'தடக், தடக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். மற்றொன்று, உப்பு வாரும் பலகையின் ஓசை. அது வாருபவரின் மூச்சுக்கு ஏற்ப விரையும். வெயில் ஏறினால் தளரும். எஞ்சினுக்குக் களைப்பில்லை, மனிதர் கைக்கு உண்டு. இவ்விரண்டையும் சேர்த்து ஓர் இசை அமைத்தால் எப்படி இருக்கும்?

இன்று உலகெங்கும் இளைஞர்கள் விரும்பிக் கேட்கும் இசைகளுள் ஒன்று அப்படிப்பட்டதே. மின்கருவி தாளம் போட, மனிதர் தம் கையால் வாத்தியம் வாசிப்பார்கள். அவ்விசையைப் பற்றியும், அதில் நம் தமிழ் மேளம் பெற்ற இடத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

தாளம் போடும் பெட்டி

மின்தாளப் பெட்டியில் தோலும் இல்லை. அடிக்கும் குச்சியும் இல்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டி.ஆர். 808 என்னும் பெட்டி இவ்வகையில் பெயர் பெற்றது. அதில் ஒரே வரிசையாக 16 பொத்தான்கள் உண்டு. ஒரு தாளச் சுற்றை 16 சம பாகங்களாகப் பிரித்து, எந்தப் பாகத்தில் எந்த அடி விழவேண்டும் என்பதைப் பொத்தான்களை அழுத்திக் குறித்துவிட்டால் போதும். நாம் நிறுத்தும் வரை பெட்டி அதையே பிசகாமல் வாசிக்கும். நடன இசையில் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள் ஒலிக்கும்.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 1982-இல் மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் இப்பெட்டியின் தாளத்தோடு பத்து இராகங்களை வாசித்து இசைத்தட்டாக்கினார். 1986-இல் 'புன்னகை மன்னன்' திரைப்படத்துக்கு இளையராஜா அவர்கள் கணினியின் துணையோடு இசையமைத்தார்.

கன்னியர் மடத்தில் படித்த சிறுமி

இனி நம் மேளத்தின் கதைக்கு வருவோம். 1975-இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் சென்று வளர்ந்தவர் மாயா அருள்பிரகாசம். நம்மைப் போலவே கன்னியர் மடப் பள்ளியில் படித்தவர். போர் மூண்டதால் தாயோடும் உடன்பிறந்தாரோடும் அகதியாக இலண்டன் திரும்பினார். வளர்ந்தபின் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடகியானார். 2005-இல் வெளிவந்த தம் முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையை நினைத்து 'அருளர்' என்று பெயரிட்டார். அதன் தாளங்களை உருவாக்க அவர் பயன்படுத்தியது பெரும்பாலும் ஒரு சிறிய ரோலண்ட் பெட்டியே.

2007-இல் வந்த இரண்டாம் தொகுப்பு தாயின் பெயரைத் தாங்கிய 'கலா'. அமெரிக்கா செல்ல விசா கிடைப்பதில் தடை ஏற்பட்டதால், அவர் பல நாடுகளுக்குச் சென்று அதைப் பதிவு செய்தார். சென்னைக்கும் வந்தார். இங்கே உறுமி மேளக் கலைஞர்களை வாசிக்கச் செய்து, அதை மின்னிசையோடு இணைத்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' என்னும் பாடல்களில் அந்த உறுமி ஒலிப்பதை இன்றும் கேட்கலாம்.

உறுமி நடுவில் ஒடுங்கிய இருமுக வாத்தியம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அப்போது எழும் உறுமல்தான் அதற்குப் பெயர் தந்தது. கையின் அழுத்தம் மாறும்போதெல்லாம் ஒலியும் மாறும். ஓர் உறுமல் போல் மற்றோர் உறுமல் இராது. பெட்டிக்கு இல்லாத உயிர் இதுவே.

இரண்டையும் இணைக்க இரு வழிகள் உண்டு. கலைஞர் காதுகுழாயில் பெட்டியின் தாளத்தைக் கேட்டுக்கொண்டே வாசிப்பது ஒன்று. கலைஞர் வாசித்ததை முதலில் பதிவு செய்து, கணினியில் துண்டுகளாக வெட்டி, வேண்டிய இடத்தில் வைத்து அடுக்குவது மற்றொன்று.

மற்ற நாடுகளிலும் இம்முயற்சி நடந்திருக்கிறது. மெக்சிகோவின் திஹுவானா நகரில் 1999-இல் தோன்றிய நார்டெக் கலெக்டிவ் என்னும் குழுவினர், தங்கள் ஊர்ப்புற இசையின் அக்கார்டியனையும் பெரிய ஊதுகுழலான டூபாவையும் மின்தாளத்தோடு சேர்த்தனர். இத்தகைய இசையை 'லத்தீன் இசை' என்பார்கள். ஆலயத்தில் கேட்ட லத்தீன் பாட்டோ என்று என் பாட்டி கேட்டார்! இது லத்தீன் அமெரிக்க நாடுகளின் இசை என்று விளக்கினேன்.

ஒரு கேள்வி

சென்ற ஆண்டு பக்கத்து ஊர்த் திருவிழா ஒன்றுக்குப் போயிருந்தேன். வழக்கமாக வரும் மேளக்காரர்களுக்குப் பாதிக் கூலி கொடுத்து ஓரமாக நிறுத்திவிட்டு, தேர்ப்பவனி முழுவதும் ஒலிபெருக்கியில் மின்னிசையை முழங்கவிட்டார்கள். ஒரு முதியவர் தம் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் அமர்ந்திருந்தார். அதே வாத்தியங்களை உலகம் விரும்பிக் கேட்கிறது. நாமோ ஓரத்தில் உட்கார வைக்கிறோம்.

குற்றம் இயந்திரத்துடையதா? இல்லை என்பதே என் எண்ணம். கூலியை மிச்சம் பிடிக்க இயந்திரத்தைக் கொண்டுவந்தால் கலைஞர் வெளியேறுவார். கலைஞருக்குத் துணையாகக் கொண்டுவந்தால் அவர் கலை கடல் கடந்தும் செல்லும்.

சாவுக்கும் சிறுதெய்வக் கோயிலுக்கும் உரியவை என்று சிலர் இம்மேளங்களை இழிவாக எண்ணுகின்றனர். ஆனால் நம் திருச்சபை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியாக 1963-லேயே, அந்தந்த மக்களின் தகுதியான இசைக்கருவிகளுக்கு வழிபாட்டில் இடமளித்தது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில், ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட பறையைப் பெண்கள் பெருமையோடு அடித்து ஆடுகிறார்கள்.

எனவே அன்புத் தோழியரே, அடுத்த ஆண்டு விழாவில் நம் நடனத்துக்குப் பதிவு செய்த பாட்டு மட்டும் போதும் என்று இருந்துவிடாமல், நம் ஊர் மேளக் கலைஞர்களையும் அழைக்கும்படி ஆசிரியர்களிடம் வேண்டுவோம். முழுக் கூலி கொடுத்து, மேடையின் நடுவிலே அமரச் செய்வோம். பெட்டி தாளத்தைக் காக்கட்டும். அவர்கள் கை அதற்கு உயிர் கொடுக்கட்டும்.