வச்ச கிட்டியை எண்ணி எடுங்க

நெல் தண்டு சாய்வாக, அரிவாளால் சீவியது மாதிரி வெட்டுப்பட்டுக் கிடந்தால் அது எலி வேலை. உடனே கடைக்கு ஓடி விஷம் வாங்கிடறோம். விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் செத்துப்போகுது. எலி பிடிக்கக் கூலி கேட்காத ஆளை நாமே தொலைக்கிறோம். காவிரிப் படுகை உழவர்களின் தஞ்சாவூர்க் கிட்டி இருக்க விஷம் எதுக்கு? இது மூங்கில் வில். எலி இரையைத் தொட்டதும் வில் விரிந்து, கயிறு கழுத்தை இறுக்கும்.

எப்போது வைப்பது?

'கதிர் வரட்டும், பாத்துக்கலாம்'னு இருந்துடாதீங்க. கதிர் வரும் பருவத்தில்தான் எலி பெருகும். சினையாகி மூன்று வாரத்தில் குட்டி போட்டுடும். நெல் தூர் கட்டும்போதே தொடங்கணும். வயலில் தீனி குறைவான நேரம் என்பதால் இரைக்கும் சீக்கிரம் வரும்.

எங்கே வைப்பது?

முதல் நாள் சாயங்காலம் வரப்பு வளைகளையெல்லாம் சேற்றால் அடைச்சிடுங்க. மறுநாள் காலையில் திறந்து கிடப்பதில்தான் எலி குடியிருக்கு. அந்த வளைக்குப் பக்கத்தில், புழுக்கையும் கால்தடமும் தெரியும் வரப்போரத் தடத்தில் கிட்டியை வையுங்க. நடு வயலில் வைத்தால் பலன் குறைவு. எக்டேருக்கு 100 கிட்டி, அதாவது ஏக்கருக்கு 40, என்பது பரிந்துரை. உங்க வயலில் மட்டும் வைத்தால் பக்கத்து வயல் எலி வந்து குடியேறிடும். ஒரு மடையில் பாயும் எல்லோரும் ஒரே ராத்திரியில் வைப்பது நல்லது.

எப்படிப் பார்ப்பது?

பொழுது சாய்ந்த பிறகு வைத்து, விடியும்போதே எடுத்துடணும். பகலில் விட்டால் கீரி, கானாங்கோழி, நாய் மாட்டும். களை எடுக்க வர்றவங்க காலிலும் பாயும். ஒவ்வொரு கிட்டிக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, நுனியில் துணி கட்டுங்க. 40 வச்சா 40 கைக்கு வரணும். ஒன்று குறைந்தாலும் தேடி எடுக்காமல் வயலில் ஆள் இறங்கக் கூடாது. ராத்திரி வைத்த இடத்தைப் பக்கத்து வயல்காரருக்கும் சொல்லிடுங்க.

செத்த எலியை வெறுங்கையால் தொடாதீங்க. எலி மூத்திரம் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். கால், கையில் புண் இருந்தால் இன்னும் ஆபத்து. கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதைச்சு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்க.

கிட்டி எலிக்கு மட்டும்தான். பன்றிக்கும் முயலுக்கும் கம்பிச் சுருக்கு வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அறுவடை முடிந்ததும் வரப்பைச் செதுக்கிச் சிறுசாக்குங்க. அகல வரப்புதான் எலிக்கு வீடு. வீடு குறைந்தால் அடுத்த போகத்தில் கிட்டியும் குறையும்.