பகலில் உலவும் யானைக்கால் புழு

தென் அந்தமானின் ஃபெரார்கஞ்ச் வட்டத்துச் சௌல்தாரியில் வாழ்வோர்க்கு யானைக்கால் வியாதி என்பது தமிழகத்து நகரச் சாக்கடைகளோடு சேர்ந்த சங்கதியாகத் தோன்றலாமாயினும், பத்து டிகிரி கால்வாய்க்குத் தெற்கே, இதே யூனியன் பிரதேசத்தின் நான்கௌரித் தீவுக்கூட்டத்தில், அவ்வியாதி முற்றிலும் வேறொரு சுபாவத்தோடு குடிகொண்டிருந்ததைப் போர்ட் பிளேரின் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இவ்வியாதிக்குக் காரணமான ஊச்சரேரியா பாங்க்ராஃப்டி உருளைப்புழு இனத்தைச் சேர்ந்தது. குழந்தைகளின் குடலில் தங்கி நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும் நாக்குப்பூச்சியும் இவ்வினமே. ஆனால் யானைக்கால் புழு முட்டையிடுவதில்லை; 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள நூல் போன்ற பெண்புழு, நிணநீர்க் குழாய்களில் வருஷக்கணக்காகத் தங்கி, கால் மில்லிமீட்டர் அளவேயான குஞ்சுகளை ஈன்றுகொண்டே இருக்கும். ஒரு சொட்டு ரத்தத்தைப் நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், மெல்லிய உறைக்குள் நெளிந்தபடி அவை சிவப்பணுக்களை விலக்கித் தள்ளுவதைக் காணலாம்.

தமிழகத்திலே இக்குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலின் நுண்குழாய்களில் ஒதுங்கியிருந்து, க்யூலெக்ஸ் கொசு கடிக்க வரும் இரவு 10 மணி முதல் 2 மணி வரையில் வெளி ரத்தத்தில் திரளுகின்றன. நான்கௌரியிலோ, மரப்பொந்துகளில் தேங்கும் மழைநீரில் பெருகி, காட்டுநிழலில் பகலிலே மனிதரைக் கடிக்கும் நிவியஸ் என்ற கொசுவே வாகனமாதலால், குஞ்சுகளும் எந்நேரமும் ரத்தத்தில் உலவிப் பகலில் மிகுகின்றன. கண்ணும் செவியுமற்ற ஒரு ஜந்து கொசுவின் காலத்தை அனுசரித்துத் தன் காலத்தை வகுத்துக்கொண்டது எத்தனை ஆச்சரியம்! சாக்கடையைச் சுத்தம் செய்வதும் இரவில் கொசுவலை கட்டுவதும் அங்கே பயன்படா என்பதும் இதனாலேயே.

கொசுவின் உடலில் இப்புழு வளருமேயன்றிப் பெருகாது. ஆகவே வியாதி வேரூன்ற எத்தனையோ கடிகள் வேண்டும். ரத்தத்திலுள்ள குஞ்சுகளை மாத்திரையால் குறைத்துவிட்டால் கொசுவுக்குக் கொண்டுபோக ஏதுமிராது. அதற்கான டி.இ.சி. மருந்தை உப்பில் கலந்து வழங்கும் முயற்சியும் நான்கௌரியில் நடந்தது. கர்ப்பிணிகள், 2 வயதுக்குட்பட்ட சிசுக்கள், கடும் நோயாளிகள் நீங்கலாக, நோய் கண்ட பிரதேசத்தார் யாவரும் ஆண்டுதோறும் மாத்திரை விழுங்க வேண்டுமென ஊழியர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. முதிர்ந்த புழு ஒரே வேளை மருந்தில் பெரும்பாலும் சாவதில்லை. சில மாதங்களில் அது மறுபடியும் குஞ்சு ஈனத் தொடங்கிவிடும்.