கார்ப் பந்தய வீரரின் கையொப்பங்கள்

தாம் மதிக்கும் ஒருவரை நேரிற் காணும் மக்கள், அக்காட்சி கண்ணளவில் கழிந்துபோகாமல், கையிலும் ஒன்று எஞ்சி நிற்றல் வேண்டுமென விழைதல் இயல்பு. கல்லூரிகளில் ஆண்டிறுதியில் மாணவரிடையே சிறு கையொப்ப ஏடுகள் கைமாறி வருதற்கும் இவ்விழைவே காரணம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சிறப்பாக அவற்றின் தென்பகுதியில், ஸ்டாக் கார்ப் பந்தயத்தை ஒட்டி இவ்விழைவு ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கின்றது. வீரர் கையொப்பமிட்ட அட்டை, தொப்பி, வண்டித் தகடு முதலியவற்றைத் திரட்டும் அன்பர் அங்கே மிகப் பலர். அவர் திரட்டுவன யாவை, திரட்டும் முறை யாது, அப்பொருள்களின் மெய்யான மதிப்பு எதன்கண் உள்ளது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

ஸ்டாக் கார் என்பது தொடக்கத்தில், கடையில் எவரும் விலைகொடுத்து வாங்கக்கூடிய வண்டியையே குறித்தது. பந்தயத்திற்கென்றே தனியாகச் சமைத்த வண்டியை அன்று. மதுவிலக்குக் காலத்திலும் அதன் பின்னரும், கள்ளச் சாராயத்தை இரவில் ஏற்றிச் சென்றோர், அதிகாரிகள் கைக்கு அகப்படாதிருத்தற்பொருட்டுச் சாதாரண வண்டிகளையே விரைந்தோடும்படி திருத்திக்கொண்டனர். அவருட் சிலர் பின்னர்ப் பந்தயக் களத்திலும் புகுந்தனர். 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் பில் பிரான்ஸ் என்பார் புளோரிடாவிலுள்ள டேடோனா கடற்கரை நகரிற் கூட்டிய கூட்டத்தின் பயனாக, 1948-இல் நாஸ்கார் என்னும் சங்கம் தோன்றியது. கடைவண்டிகளுக்கென அச்சங்கம் வகுத்த வரிசையின் முதற் பந்தயம் 1949 ஜூன் 19-இல் ஷார்லட் நகரில் நடைபெற்றது. முதலாவதாக வந்தவர் கிளென் டனவே. ஆயின், பந்தயம் முடிந்தபின் வண்டியைச் சோதித்தவர்கள் அதன் பின்புற ஸ்பிரிங்குகள் விதிக்கு மாறாகத் திருத்தப்பட்டிருக்கக் கண்டு, அவ்வெற்றியை விலக்கி, ஜிம் ரோப்பர் என்பாரையே வென்றவராக அறிவித்தனர். ‘இது மெய்யானதுதானா?’ என்னும் வினா இவ்வாறு இப்பந்தயத்தோடு உடன்பிறந்தது. கையொப்பம் திரட்டுவாரும் அவ்வினாவையே நாள்தோறும் வினவவேண்டியவராக இருக்கின்றனர்.

திரட்டப்படும் பொருள்களுள் எளியதும் முதன்மையானதும் ‘ஹீரோ கார்டு’ எனப்படும் அட்டையாகும். ஒரு புறத்தில் வீரரின் உருவமும் வண்டியும், மறுபுறத்தில் அவர்தம் வரலாறும் வெற்றிகளும் அச்சிடப்பட்டிருக்கும். வண்டிக்குப் பொருளுதவி புரியும் வாணிக நிலையத்தாரும், வீரரின் குழுவினரும் இதனை விலையின்றியே வழங்குவர். நம் முன்னோர் போரிற்பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதிற் பிறர் பொறிக்கச் செய்தனர். இங்கோ, வாழும் வீரனே தன் பெயரைத் தன் கையாற் பொறித்துக் கொடுக்கின்றான்.

அட்டைக்கு அடுத்தபடியாக, உண்மை வண்டியின் 24-இல் ஒரு பங்கும் 64-இல் ஒரு பங்குமாக வார்க்கப்பட்ட சிறு உலோக வண்டிகள் விரும்பப்படுகின்றன. களத்தில் ஓடிய வண்டியின் மட்கார்டு, கதவு, மேல்மூடி ஆகியவற்றின் தகடுகள் சிலரால் இன்னும் மிகுதியாக மதிக்கப்படும். மோதலால் நெளிந்த தகடு குறைபாடுடையதாகக் கருதப்படுவதில்லை. அந்நெளிவே அதன் வரலாறாகும். சக்கரத்தை இறுக்கும் நட்டுகளும் இவ்வகையினவே. 2021 வரை முதனிலைப் பந்தயங்களில் சக்கரம் ஒன்றுக்கு ஐந்து நட்டுகள் இருந்தன. சக்கரம் மாற்றுகையில் தெறித்து வீழ்ந்த அவற்றை அன்பர்கள் பந்தயம் முடிந்தபின் பொறுக்கிச் செல்வர். 2022-இல் வந்த புதுவகை வண்டியின் சக்கரத்திற்கு நடுவில் ஒரே நட்டுதான். ஆதலின் பழைய சிறு நட்டுகள் இப்பொழுது கழிந்த காலத்தின் சின்னங்களாயின.

இனி, கையொப்பம் பெறும் முறையைக் காண்போம். களத்தில் வண்டிகள் நிறுத்திச் செப்பனிடப்படும் இடத்திற்குள் நுழைவுச் சீட்டுப் பெற்றுச் சென்று, வீரர் வருமளவும் காத்திருத்தல் ஒரு வழி. ஷார்லட் நகரைச் சூழ்ந்துள்ள பணிமனைகளுக்குச் செல்லுதல் மற்றொரு வழி. நேரிற் செல்ல இயலாதார், அட்டையையும், தம் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய மற்றோர் உறையையும் சேர்த்து அஞ்சலில் விடுத்து, திங்கள் பல பொறுத்திருப்பர்.

இத்துறையில் ரிச்சர்ட் பெட்டி என்பாரைக் குறிப்பிடாது செல்லலாகாது. 1958 முதல் 1992 வரை 1,184 முதனிலைப் பந்தயங்களில் ஓடி, 200 வெற்றிகளும் ஏழு சாம்பியன் பட்டங்களும் பெற்றவர் அவர். அவரது கையொப்பம் சுழிகளும் வளைவுகளும் நிறைந்து, ஓர் ஓவியம் போல நீண்டு செல்லும். எனினும் ஒவ்வோர் எழுத்தும் படிக்கக்கூடியதாக இருக்கும். அதனை எழுத நேரமும் மிகுதியாகும். அங்ஙனமாகவும், வரிசையில் நின்றார்க்கெல்லாம் அவர் சலியாது எழுதிக் கொடுத்து வந்தமை பலரும் அறிந்தது. காத்து நின்ற ஒருவர்க்குப் படிக்கவியலாத கிறுக்கலைத் தருவதற்கும், முழுப்பெயரைத் திருந்த எழுதித் தருவதற்கும் உள்ள வேற்றுமை எழுத்தழகு பற்றியதன்று; எதிரே நிற்பவரை மதித்தல் பற்றியதே என்பது யாம் கொண்ட கருத்து.

நிற்க. மதிப்புள்ள இடத்தில் போலியும் புகுதல் உலகியல்பு. 1990-களின் இறுதியில் அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையினர் ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரால் நடத்திய ஆய்வில், விளையாட்டு வீரரின் கையொப்பங்களைப் பொய்யாக எழுதி விற்ற பெருங்கூட்டம் அகப்பட்டது. பொருள் மெய்யென உறுதி கூறும் சான்றிதழ்களும் அங்கே போலியாகவே இருந்தன. ஆகவே, சான்றிதழ் இருத்தலொன்றே போதிய சான்றாகாது. ஒருவரே இட்ட இரு கையொப்பங்கள் அணுவும் பிசகாமல் ஒத்திருப்பின், எழுதியது கையன்று, பொறியோ அச்சோ என ஐயுறல் தகும். ஏனெனில் மனிதன் கை இருமுறை ஒரே வகையாக எழுதுவதில்லை. பேனாவை எடுத்தெடுத்து மெல்ல வரைந்த நடுக்கம் தென்படினும் ஐயுறவேண்டும்.

காத்தல் முறையும் ஒரு சிறிது அறியத்தக்கது. வழுவழுப்பான அட்டைக்கு ஷார்ப்பி போன்ற அழியா மைப்பேனாவும், கருநிறத் தகட்டிற்கும் ரப்பருக்கும் வெள்ளிநிற வண்ணப் பேனாவும் ஏற்றன. வெயில் மையின் பகை. அமிலமற்ற தாளிடையேனும் தக்க உறையிலேனும் வைத்தல் நலம். பிளாஸ்டிக்கை அட்டையோடு ஒட்ட உருக்கி மூடுதல் தகாது.

இனி மதிப்பைப் பற்றிய வினா. ‘இன்னாருக்கு’ என்று பெயர் குறித்து இட்ட கையொப்பம் சந்தையிற் குறைந்த விலைக்கே போகும். வணிகர், பெயரில்லாத வெறுங் கையொப்பத்தையே விரும்புவர். அன்பருக்கோ, வீரர் தம் பெயரை ஒருமுறை வாயாற் கேட்டுக் கையால் எழுதியதே பெரும்பேறு. சந்தை எதைக் குறையென்கின்றதோ, அதுவே அவ்விருவரும் சந்தித்தமைக்குச் சான்றாகின்றது.

பொருளின் மதிப்பு அதன் பின்னுள்ள நிகழ்ச்சியே என்பதற்கு டேல் எர்ன்ஹார்ட் வரலாறு தக்க எடுத்துக்காட்டாம். ஏழு சாம்பியன் பட்டங்கள் பெற்ற அவருக்கு, டேடோனா 500 என்னும் பந்தயம் மட்டும் பத்தொன்பது முறை கைகூடவில்லை. 1998-இல், பந்தயத்திற்கு முன் அவரைக் காணவந்த, சக்கர நாற்காலியிலிருந்த ஒரு சிறுமி, நற்பேற்றிற்கென ஒரு சென்ட் காசை அவரிடம் அளித்தாள். அவர் அதனை வண்டியின் முன்பலகையில் பசையிட்டு ஒட்டிக்கொண்டு ஓடி, இருபதாம் முறையில் வென்றார். ஆயிரமாயிரம் அன்பருக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த வீரர், ஓர் அன்பரிடமிருந்து பெற்று வைத்துக்கொண்ட நினைவுப்பொருள் அது. 2001 பிப்ரவரி 18-இல் அதே பந்தயத்தின் இறுதிச் சுற்றில் அவர் உயிர் துறந்தார். அதன்பின் அவர் கையொப்பங்களின் விலை ஏறியது. ஆனால் அவற்றை முன்னரே நேரிற் பெற்றிருந்தார்க்கு அவை விற்பனைப் பொருளாகத் தோன்றியிரா.

வெண்டல் ஸ்காட் வரலாறு இதனினும் ஆழ்ந்தது. 1963 டிசம்பர் 1-இல் ஜாக்சன்வில் களத்தில் வென்று, முதனிலைப் பந்தயத்தில் வெற்றி பெற்ற முதற் கறுப்பின வீரரானார் அவர். ஆயினும் வெற்றி பக் பேக்கர் என்பாருடையதாக அப்போது அறிவிக்கப்பட்டது. கூட்டம் கலைந்தபின்னரே, சுற்றுக் கணக்கில் பிழை நேர்ந்ததென அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். நிறவேற்றுமையே காரணமென அவர் குடும்பத்தார் கருதினர். மக்கள் முன்னிலையில் ஏந்தவேண்டிய கோப்பையை ஏந்தாமலே 1990-இல் அவர் மறைந்தார். 2021-இல் அவர் குடும்பத்தாரிடம் ஒரு கோப்பை அளிக்கப்பட்டது. உலோகத்தின் விலை கருதியா அக்குடும்பத்தார் அத்தனை ஆண்டு காத்திருந்தனர்? நடந்தது நடந்ததென உலகறியச் சொல்லும் சான்று ஒன்றையே அவர் வேண்டினர்.

ஆதலின், நினைவுப்பொருள் என்பது செல்வமன்று, சாட்சியே. சாட்சி பொய்யாயின், அதன் அழகாலும் விலையாலும் யாது பயன்? கையொப்பம் திரட்டும் நண்பர், வீரருடையதாயினும், புலவருடையதாயினும், தம்மோடு பயின்ற தோழருடையதாயினும், அதனைப் பெற்ற அன்றே, எங்கு, எப்பொழுது, யார் கையாற் கிடைத்ததென்பதை ஒரு தாளில் எழுதி அதனுடன் வைப்பாராக. ஐம்பது ஆண்டு கழித்து அதனை எடுத்துக் காண்பார்க்கு அவ்விரண்டு வரிகளே கையொப்பத்தைப் பேசச் செய்யும்.