வேர்க்குரு: தடுப்பதும் தணிப்பதும்

ஆண்டு முழுதும் வெயில் காயும் நம் மலேசியாவில் வேர்க்குரு எட்டிப் பார்க்காத வீடு அரிது. இரவெல்லாம் சொறிந்துவிட்டு வகுப்பில் உறங்கி விழுந்த மாணவர்கள் பலரை என் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன்.

பகல் வெப்பம் 32, 33 டிகிரிதான் என்றாலும், காற்றின் ஈரத்தால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை நாளங்கள் அடைபட்டு, வியர்வை தோலுக்கடியிலேயே தேங்குகிறது. அரிப்பும் குத்தலும் அதனால்தான். கைக்குழந்தைகளுக்கு இந்நாளங்கள் முழு வளர்ச்சி பெறாததால் வேர்க்குரு எளிதில் வருகிறது. தைப்பூசக் கூட்டத்திலோ பட்டும் நைலானும் உடுத்திய பிள்ளைகளையே பார்க்கிறேன். தாய்மார்களே, மெல்லிய பருத்திச் சட்டை போதும்.

வேர்க்குரு கண்டால் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் செய்யுங்கள். கைக்குழந்தையை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பிறகு துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. நல்ல காற்றோட்டம் வேண்டும். கலமைன் லோஷன் அரிப்பைக் குறைக்கும். எண்ணெயும் களிம்பும் அடைப்பை அதிகமாக்கும். பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள். அத்தூள் குழந்தையின் நுரையீரலுக்குக் கேடு. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

உடல் குளிர்ந்தால் சில நாளில் மறையும். சீழ் வைத்தாலோ காய்ச்சல் கண்டாலோ கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.