குழந்தைக்கென்று தனியாக ஒன்று

பிறந்தநாள், காதுகுத்து, முடியிறக்கு என எந்த விசேஷமானாலும் வாசலில் ஒரு மொய் நோட்டு இருக்கும். யார் எவ்வளவு செய்தார்கள் என்று எழுதிவைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வது முறை. எத்தனையோ குடும்பங்களுக்கு அவசர நேரத்தில் கைகொடுத்த ஏற்பாடு அது. ஆனால் மொய் பெற்றோர் கணக்கில் சேருகிறது. விசேஷத்துக்கு உரிய ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அதில் எதுவும் போய்ச் சேருவதில்லை. அந்தப் பிள்ளைக்கென்று தனியாக ஒன்றை நம் கையால் செய்து கொடுக்கலாம். கையால் செய்ததைக் கொடுத்தால் குறைவாக நினைப்பார்களோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. மொய்யை மொய்யாக எழுதிவிட்டு, இதைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

என்ன செய்வது என்பதை வயதுதான் முடிவு செய்ய வேண்டும். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. வெளிர் நிறங்களில் அதன் கண் நிலைக்காது. கறுப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உற்றுப் பார்க்கும். பழைய வேட்டித் துண்டில் கறுப்புத் துணியை வட்டமாகவும் பட்டையாகவும் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தால் போதும், முதல் மூன்று மாதத்துக்கு அதைவிட நல்ல பரிசு கடையில் கிடைப்பது அரிது.

உட்காரத் தொடங்கிய குழந்தைக்குக் கிலுகிலுப்பை. தென்மாவட்டங்களில் பனங்குருத்தோலையைப் பெட்டி மாதிரி முடைந்து, உள்ளே சின்னக் கற்களைப் போட்டு, பிடிக்க ஒரு கைப்பிடி விட்டுச் செய்வார்கள். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் பனையோலைப் பொருள் முடைவது இன்றும் தொழிலாக நடக்கிறது. முடையத் தெரியாதவர்கள், நன்றாக மூடும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு, மூடியைப் பசையிட்டு ஒட்டி, மேலே துணி உறை தைத்துவிடலாம். குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் அந்தச் சிவப்பு கறுப்பு விதைக்குள் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அழகாக இருக்கிறது என்று அதைப் பொம்மைகளில் கோப்பதை இன்றும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. ஆமணக்கு விதையும் அதே வகைதான்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு எதையாவது எதற்குள்ளாவது போட வேண்டும், எடுக்க வேண்டும், மறுபடி போட வேண்டும். பால் பவுடர் டின்னின் பிளாஸ்டிக் மூடியில் நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டி, பழைய பிளாஸ்டிக் வளையல்களை ஒரு கட்டு சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு வளையலும் உள்ளே விழும்போது வரும் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்பப் போடும். டின்னின் உள்விளிம்பு கையைக் கிழிக்கும். அதன்மேல் கனமான துணியை மடித்து ஒட்டிவிட வேண்டும். கண்ணாடி வளையல் கூடாது.

மூன்று வயதைத் தொடும்போது பொம்மை வேண்டும். இதில்தான் நேரத்தைச் செலவிடச் சொல்வேன். துவைத்துத் துவைத்து நைந்த பருத்திச் சேலையைவிட மெதுவான துணி எந்தக் கடையிலும் இல்லை. முந்தானைப் பக்கத்தில் உறுதியான இடமாகப் பார்த்து இரண்டு மடிப்பாகப் போட்டு, தலையும் கையும் காலும் அகலமாக இருக்கும்படி பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். மெலிந்த கழுத்து வேண்டாம், முதலில் தொங்கிப்போவது கழுத்துதான். கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் விட்டு வெட்டி, உள்பக்கம் வெளியே இருக்கும்படி நெருக்கமாகத் தையல் போட்டு, விலாவில் மட்டும் நாலு விரல் இடம் விட்டுத் திருப்ப வேண்டும். உள்ளே அடைக்க இலவம்பஞ்சு மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் நனைந்தால் கட்டி கட்டியாகிவிடும், சின்னப் பிள்ளை பொம்மை நனையாமல் இருக்காது. தையல் கடையில் கேட்டால் வெட்டுத்துணி பை நிறையத் தருவார்கள். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி அடைத்தால் துவைக்கலாம், வெயிலில் காயப்போடலாம். கண்ணுக்குப் பொத்தானும் மணியும் வேண்டாம், நூலாலேயே தைத்துவிடுங்கள்.

திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் இப்படிப் பொம்மை தைத்துக்கொண்டிருந்தார். பேத்தி பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

“ஆச்சி, இதுக்கு வாயே இல்லியே?”

“எப்படி வைக்கணும்னு நீ சொல்லுளா. சிரிக்கவா, உர்ருனு இருக்கவா?”

“தூங்குற வாய் வைங்க.”

ஆச்சி சிவப்பு நூலை எடுத்துச் சின்னதாக ஒரு நேர்கோடு தைத்தார். பேத்திக்கு அது போதுமானதாக இருந்தது. கடையில் வாங்கும் பொம்மை வாயோடுதான் வரும். குழந்தையின் கண்ணெதிரே செய்தால், அது கேட்டபடி வைக்கலாம். பரிசை ஒளித்துவைத்துத் திடீரென்று நீட்டுவதைவிட, கடைசி வேலையைக் குழந்தைக்கு முன்னால் வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

கடைப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் செய்வதற்கு நாம்தான் சோதனை போட வேண்டும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் பொம்மையைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கலாம். பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அகலம். அதைவிடச் சற்றே பெரிய வட்டத்தைக் காகிதத்தில் வெட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கழன்று வரக்கூடிய எந்தத் துண்டும் அந்த வட்டத்துக்குள் நுழையக் கூடாது. ஒரு சாண் நீளத்துக்கு மேல் கயிறோ நாடாவோ தொங்கவும் கூடாது. பட்டன் பேட்டரி வைத்த மின்னும் விளக்கை ஒட்டவே ஒட்டாதீர்கள்.

விளையாட்டு மாவு சுலபம்: ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், பிசையும் அளவு தண்ணீர், நிறத்துக்கு மஞ்சளோ பீட்ரூட் சாறோ. உப்பு அதிகம் என்பதால் எதையும் வாயில் வைக்கும் வயதில் வேண்டாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குச் சித்திரை வைகாசியில் செலவே இல்லாமல் நுங்கு வண்டி: நுங்கு தின்ற கூடு இரண்டு, குறுக்கே ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்குச்சி. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதக் காட்டிக்கொடுப்பதும் பரிசுதான்.

புத்தகம் கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளும் இருக்கின்றன. பொது உரிமத்தில் வெளியானவை என்பதால் பதிவிறக்கி அச்சடிக்கத் தடையில்லை. ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, நடுவில் நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டையில் மேலட்டை போட்டால் குழந்தையே வண்ணம் தீட்டிக்கொள்ளும். தாத்தா பாட்டியை விட்டுத் தூரத்து ஊரில் வளரும் பிள்ளையானால், குடும்பப் படங்களைத் துணிப் பக்கங்களில் ஒட்டிய புத்தகம் இன்னும் நல்லது. பக்கத்துக்கு ஒரு முகம், கீழே உறவுமுறை: அத்தை, சித்தப்பா, பெரியம்மா.

பொம்மையோடு ஒரு குழந்தை செய்யக்கூடிய மிக நல்ல காரியம் அதை உடைப்பதுதான் என்று அர்விந்த் குப்தா சொல்லி வருகிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அவர்; 1970-களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்தில் சேர்ந்து, சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் இணைத்து வடிவங்கள் செய்யக் கற்றுக்கொடுத்தார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய செய்முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாலைந்து வயதுக்கு மேல் பெரியவர்கள் துணையோடு செய்து பார்க்கலாம். விலை கொடுத்து வாங்கியது உடைந்தால் வீட்டில் திட்டு விழும். சேலைப் பொம்மையின் கை பிய்ந்தால் யாரும் திட்டப்போவதில்லை. அதனால் பொம்மையைக் கொடுக்கும்போது அதே சேலையின் இரண்டு துண்டு, தைத்த அதே நிற நூல், கொஞ்சம் வெட்டுத்துணி ஆகியவற்றை ஒரு சுருக்குப் பையில் போட்டுக் குழந்தையின் அம்மாவிடமோ அப்பாவிடமோ தனியாகக் கொடுத்துவிடுங்கள். கழுத்தும் தோள்பட்டையும்தான் முதலில் பிரியும், அங்கே இரட்டை நூலில் தைக்கச் சொல்லுங்கள்.